செருப்புக்காக மெக்சிகோ: பிக் பெண்ட் ஆற்றங்கரையில் இரண்டு இரவுகள்

1998 மார்ச்சில் மகளின் பள்ளிக்கு ஒரு வாரம் விடுமுறை வந்தது. நாங்கள் ஊருக்குப் போக முடியாத ஆண்டு அது. எங்கள் கிரீன் கார்டு விண்ணப்பம் இறுதிக் கட்டத்தில் இருந்தது. முன் அனுமதி பெறாமல் நாட்டை விட்டு வெளியேறினால், விண்ணப்பத்தைக் கைவிட்டதாகவே கொள்ளப்படும். கோவையில் சட்டம் படித்து, ஹூஸ்டனில் ஓர் எண்ணெய் நிறுவனத்தின் ஒப்பந்தப் பிரிவில் வேலை பார்த்து வந்தவன் நான். இவ்விதியை மனைவி மாலதிக்கு மூன்று முறையாவது விளக்கியிருப்பேன். ஆகவே டெக்சாஸை விட்டே நகர்வதில்லை என்று முடிவு செய்து, பிக் பெண்ட் தேசியப் பூங்காவைத் தேர்ந்தெடுத்தேன்.

ஹூஸ்டனை அடுத்து நாங்கள் குடியிருந்த கேட்டியிலிருந்து ஏறத்தாழ 600 மைல். சனிக்கிழமை காலை 9.10க்குப் புறப்பட்டு, சான் அன்டோனியோ வழியாக மாலையில் டெல் ரியோ சேர்ந்து, அங்கே ஒரு மோட்டலில் தங்கினோம். அறை வாடகை 38 டாலர். விரைந்து போக வேண்டுமானால் ஐ-10 நெடுஞ்சாலை உண்டு. நிலத்தைப் பார்க்க வேண்டுமானால் 90ஆம் எண் சாலையில் செல்லுங்கள். மறுநாள் முழுவதும் ஒருபுறம் ரயில் பாதை, மறுபுறம் முடிவில்லாத முள்கம்பி வேலி. பத்து மைலுக்கு ஒரு பண்ணை வாசல். வீடு மட்டும் கண்ணில் படாது. எதிரே வரும் பிக்கப் வண்டி ஓட்டுநர்கள் ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் உயர்த்தி வணக்கம் சொல்வார்கள். இரண்டாம் மணி நேரத்தில் நானும் அதைப் பழகிக்கொண்டேன்.

"காங்கேயம் பக்கம் போற மாதிரியே இருக்குதுங்க. மாட்டத்தான் காணோம்" என்றாள் மாலதி.

மாரத்தான் என்ற சிற்றூரில் பெட்ரோல் டாங்கை நிரப்பிக்கொண்டு தெற்கே திரும்பினோம். ஆற்றங்கரை முகாமில் ஓர் இரவுக்கு ஏழு டாலர். பெரிய காட்டன்வுட் மரங்களின் நிழலில் கூடாரத்தை அடித்தோம். சிறிது தூரத்தில் ரியோ கிராண்டே, முழங்கால் ஆழமே. அக்கரை மெக்சிகோ. இரண்டு டாலர் கொடுத்தால் படகில் அக்கரைக்கு அழைத்துப்போய், சாப்பாடு கிடைக்கும் இடத்தைக் காட்டி, திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள். பக்கத்துக் கூடாரத்தார் போனார்கள். நான் தலையசைத்து மறுத்துவிட்டேன்.

மறுநாள் காலை நான் வரைபடத்தை மடித்துக்கொண்டிருந்தபோது, ஏழு வயது நித்யாவின் செருப்பு ஒன்று நீரோடு போயிற்று. நிமிர்ந்து பார்க்கையில் மாலதி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, செருப்பைக் கையில் ஏந்தி, அக்கரை மணலில் நின்றிருந்தாள்.

"மாலதி, அசையாதே. அங்கேயே நில்லு" என்று கத்தினேன்.

"நின்னா மெக்சிகோ, வந்தா அமெரிக்கா. எதுங்க வேணும்?"

திரும்பி வந்து செருப்பை மகளுக்கு மாட்டிவிட்டாள். என் முகத்தைப் பார்த்த பிறகே அவளுக்கு விஷயம் உறைத்தது. "அர நிமிஷந்தானுங்க" என்றாள். விதியில் நிமிடக் கணக்கு இல்லை என்று நான் சொல்லவில்லை. அன்றிரவு ஆற்றின் ஓசை நன்றாக இருந்ததாம். அதற்கு மாலதியே சாட்சி.

செவ்வாயன்று வடக்கே திரும்புகையில், மாரத்தானுக்கு முன்னால் எல்லைக் காவல் சாவடி. இதை நான் எதிர்பார்த்திருந்தேன். பொய் சொல்வதில்லை, கேட்காததைச் சொல்வதுமில்லை என்று தீர்மானித்திருந்தேன். அதிகாரி எங்கள் பாஸ்போர்ட்டுகளைப் புரட்டிவிட்டு, பூங்காவைத் தவிர வேறெங்கேனும் போனீர்களா என்று கேட்டார். பதிலுக்குச் சரியான வாக்கியத்தைத் தேடிக்கொண்டிருந்தேன்.

பின்னிருக்கையிலிருந்து நித்யா முந்திக்கொண்டாள். "யெஸ். அம்மா வென்ட் டு மெக்சிகோ. ஃபார் மை ஸ்லிப்பர்." காலையும் தூக்கிக் காட்டினாள்.

அதிகாரி செருப்பையும் மாலதியையும் மாறி மாறிப் பார்த்தார். நான் ஸ்டீயரிங்கை இறுகப் பற்றியிருந்தேன்.

"கிடைத்துவிட்டதல்லவா?" என்று மகளிடம் கேட்டார். அவள் தலையாட்டினாள். "வாரம் ஒரு செருப்பாவது இப்படிப் போகிறது. அடுத்த முறை பின்வார் வைத்தது வாங்கித் தரச் சொல்." பாஸ்போர்ட்டுகளைத் திருப்பித் தந்து கையசைத்தார்.

நான்கு மைல் கடந்த பின் காரை ஓரம் கட்டி, ஒரு பாட்டில் தண்ணீரை முழுவதும் குடித்தேன்.

"செருப்பு மூணு டாலர்" என்றாள் மாலதி, சிரிப்பை அடக்கிக்கொண்டு. "விட்டிருக்கலாம்."

அடுத்த திங்களன்று எங்கள் விண்ணப்பத்தைக் கவனித்த வழக்கறிஞரிடம் நடந்ததை அப்படியே சொன்னேன். அவர் குறிப்பெடுக்கக்கூட இல்லை. "இதை மறந்துவிட்டு வேலையைப் பாருங்கள்" என்றார். மறக்கவில்லை. அடுத்த ஆண்டு கார்டுகள் தபாலில் வந்த அன்றுதான் மறந்தேன்.

போகிறவர்களுக்குச் சில சொற்கள். மார்ச் மாதமே நல்லது. கோடையில் ஆற்றங்கரையில் வெயில் தாங்காது. மாரத்தானில் பெட்ரோலும் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு கேலன் தண்ணீரும் நிரப்பிக்கொள்ளுங்கள். அசல் ஆவணங்களையே எடுத்துச் செல்லுங்கள், நகல் போதாது. குழந்தைகளுக்கு ஷூ போடுங்கள்.

கார்டு வந்த பின் மீண்டும் அங்கே போனோம். மாலதியும் நித்யாவும் படகில் அக்கரைக்குப் போய்ச் சாப்பிட்டு வந்தார்கள். என் கார்டும் சட்டைப்பையில்தான் இருந்தது. ஆயினும் நான் கணுக்கால் ஆழத்துக்கு மேல் இறங்கவில்லை.