கூடாரத்து வாசலில் ஒரு கால்

இது நடந்தது. முகம்மது ரபீக்குக்குப் பொய் சொல்லத் தெரியாது. சொன்னாலும் இரண்டாவது வாக்கியத்திலேயே அகப்பட்டுக்கொள்வார். கடையநல்லூரில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். அவர் மனைவி சஃப்ரினைக் கேட்டால் உதாரணங்களோடு சொல்வாள்.

சவூதியில் தம்மாமில் மூன்று வருடம் இருந்துவிட்டு, போன ஆடிச் சாரலில் நாற்பது நாள் லீவில் வந்திருந்தார். மகள் ஆஷிகாவுக்கு எட்டு வயது. போனில் ஒரு சலாம் சொல்லிவிட்டு ஓடிப்போகிற பிள்ளை. நேரில் அதுவும் இல்லை. இவரைக் கண்டதும் உம்மாவின் முந்தானைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டது. “வாப்பான்னு ஒரு வாட்டி கூப்பிடுட்டி” என்று சஃப்ரின் முதுகில் தள்ளிவிட்டால், தரையில் எதையோ தேடியது. லீவில் முக்கால்வாசி கரைந்தும் அந்த ஒரு சொல் வரவில்லை.

“மலையில ஒரு ராத்திரி தங்குவோம். அங்கன எங்க ஓடுவா? பயந்தா எங்கிட்டதான வந்தாகணும்” என்றார் ரபீக்.

“நீங்க பயந்தா?” என்றாள் சஃப்ரின்.

தம்மாமிலிருந்து கூடாரம் ஒன்று கொண்டுவந்திருந்தார். இரண்டு அறை வைத்தது. பாலைவனத்து மணல்காற்றைத் தாங்கும் என்று கடைக்காரன் சத்தியம் செய்திருந்தான். குற்றாலத்துச் சாரலைப் பற்றி அவனிடம் யாரும் கேட்கவில்லை.

பழைய குற்றாலத்துக்கு மேலே, தெரிந்தவர் ஒருவரின் கிராம்புத் தோட்டம். தோட்டக் காவல்காரர் செல்லப்பா மூன்று பேரையும் மலையேற்றிக் கூட்டிப்போனார். இரண்டு ஓடைகளுக்கு நடுவே மேடான ஒரு பாறைத்திட்டு. அதில் கூடாரத்தை நிறுத்திக் கொடுத்தார்.

“அண்ணாச்சி, இருட்டினா கூடாரத்தை விட்டு இறங்கிராதிய. தண்ணி எப்பம் கூடும்னு அதுக்கே தெரியாது.”

சொல்லிவிட்டு ஓடையைத் தாண்டிக் கீழே தன் கொட்டகைக்குப் போய்விட்டார்.

மழை ஒன்பது மணிக்குப் பிடித்தது. பத்து மணிக்கு இரண்டு பக்கமும் ஓடை இரைந்தது. தாண்டி வந்த கற்கள் ஒவ்வொன்றாக முங்கின. இனி விடியும்வரை ஏறவும் வழியில்லை, இறங்கவும் வழியில்லை. போன், அருவியைப் படம் பிடித்தே உயிரை விட்டிருந்தது. டார்ச்சில் தண்ணீர் புகுந்து அதுவும் போயிற்று. தாயும் மகளும் உள்ளறையில் படுத்து நடுத்திரையின் ஜிப்பை இழுத்துக்கொண்டார்கள். ரபீக் வாசலை ஒட்டி முன்னறையில் சாய்ந்தார்.

க்ர்ர்ர்ர்...

கண் விழித்தார். கையில் பாங்கு சொல்கிற அரபு வாட்ச். பச்சை எழுத்தில் 2:10.

வாசல் ஜிப் கொஞ்சம் திறந்திருந்தது. குளிர்காற்று முகத்தில் அடித்தது. ஜிப்பை மூடக் கை நீட்டினார். கையில் ஏதோ தட்டியது. தடவிப் பார்த்தார்.

ஒரு கால். சின்னக் கால். வெளியே போய்க்கொண்டிருந்தது.

கணுக்காலை எட்டிப் பிடித்தார். “ஏட்டி ஆஷிகா! எங்க போற?”

வெளியே இருட்டிலிருந்து குரல் வந்தது. “குளிக்க.”

“இந்நேரத்துலயா? உள்ள வா!”

“விடு வாப்பா.”

ரபீக்குக்கு நெஞ்சு குளிர்ந்துபோயிற்று. பயத்தில் இல்லை, சந்தோஷத்தில். மூன்று வருடத்தில் முதல் ‘வாப்பா’. அதிலும் மரியாதையில்லாத ‘விடு’. பெற்ற பிள்ளைதானே அப்படிப் பேசும்!

இழுத்தார். கால் வரவில்லை. மறு கையால் ஜிப்பைத் தள்ளினார். துணியில் சிக்கி இறுகிவிட்டது. ஒரு சாண் சந்து. அதில் அவர் கை மட்டும்தான் போனது. அந்த ஒரு சாணில் எட்டு வயதுப் பிள்ளை எப்படி வெளியே போனாள் என்பதை ரபீக் விடிந்த பிறகுதான் யோசித்தார்.

“சஃப்ரின்! ஏ சஃப்ரின்!”

பதில் இல்லை. இரண்டு ஓடையும் சேர்ந்து குரலைத் தின்றுவிட்டதாக நினைத்தார். நடுத்திரை எட்டவில்லை. எட்ட வேண்டுமானால் காலை விடவேண்டும். விட்டால் பிள்ளை தண்ணீரில்.

2:45.

கால் வழுக்கியது. எண்ணெய். காலையில் அருவியில் குளிக்குமுன் தேய்த்தது இன்னுமா இருக்கும்? சீயக்காய் போட்டுக் கழுவிவிட்டாளே சஃப்ரின்...

அது ஆஷிகாவின் கால்தானா? போனில் முகத்தைப் பார்த்திருக்கிறார். காலை யார் காட்டினார்கள்?

3:30.

“தணுக்குன்னு வாப்பா...”

குளிருகிறதாம். மலையாளம். பள்ளிக்கூடத்தில் யாரிடமோ ஒட்டிக்கொண்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டார். நினைத்துக்கொள்ளத்தானே வேண்டும்.

குளிருகிறது என்ற கால் நடுங்கவில்லை.

4:15.

கை மரத்துவிட்டது. தோள்வரை உணர்வில்லை. ஓடை கிட்டத்தில் இரைந்தது.

“வாப்பா... தண்ணி காதுக்குள்ள போகுது...”

குரல் தரையை ஒட்டி வந்தது.

பிடித்தார்.

விடவில்லை.

5:02.

வாட்ச் பாங்கு சொன்னது.

கால் ஒரே ஒரு உதறு உதறியது. எண்ணெய் வழுக்கியது...

கையில் ஒன்றும் இல்லை.

“ஆஷிகா!” நகத்தாலும் பல்லாலும் கூடாரத் துணியைக் கிழித்தார் ரபீக். “போயிட்டாட்டி! பிள்ளை தண்ணியில போயிட்டா!”

நடுத்திரை திறந்தது. சஃப்ரினின் குரல் நடுங்கியது.

“யாரு போனா? இவ எம் மடியிலல்லா கெடக்கா! ராவெல்லாம் உங்க பேச்சக் கேட்டு, பயத்துல ரெண்டு பேரும் மூச்சு விடாமக் கெடந்தோம். நீங்க யாருகிட்டங்க பேசிக்கிட்டு இருந்திய?”

விடிந்து, தண்ணீர் வடிந்து, செல்லப்பா வரும்போது மணி ஒன்பது. வேட்டி தொப்பலாக நனைந்திருந்தது. ரபீக்கைத் தனியாக அழைத்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“பிந்திட்டு அண்ணாச்சி. கோவிச்சுக்கிடாதிய. கீழ கெசத்துல, ஆழத் தண்ணியில, ஒரு சின்னப் புள்ள மிதந்துது, தூக்கிக் கரையில போட்டுட்டு வாரேன். கொல்லத்துக்கார மலையாளப் புள்ள. பதினோரு நாளாத் தேடுதாங்க. எண்ணெ தேச்சுக் குளிக்கையில தண்ணி கூடி இழுத்திருக்கு. அந்த வாப்பா காலைப் பிடிச்சிருக்காரு, வழுக்கிட்டு. எந்தப் பாறை இடுக்குல மாட்டிக் கெடந்துதோ, இன்னைக்கு வெள்ளனதான் விடுபட்டு வந்திருக்கு.”

ரபீக் தன் கையைப் பார்த்தார்.

“ஒண்ணுதான் வெளங்கல அண்ணாச்சி. கணுக்கால்ல அஞ்சு வெரல் தடம். பதினோரு நாள் தண்ணியில கெடந்த காலு... தடம் மட்டும் ராத்திரி பிடிச்ச மாரி செவசெவன்னு இருக்கு.”

உம்மாவின் முந்தானைக்குப் பின்னாலிருந்து ஆஷிகா வெளியே வந்தாள். யாரும் தள்ளிவிடவில்லை. நேரே நடந்து வந்து ரபீக்கின் முன்னால் நின்று, அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

“வாப்பா, அவள ஏன் விட்டிய?”