ஒன்பது வருட அழுக்கு

படப்பிடிப்புத் தளத்தில் அவளுக்கு அழுக்கக்கா என்றுதான் பெயர். தச்சர்கள் பளபளவென்று செய்து வைப்பதையெல்லாம் பழசாக்குவது அவள் வேலை. டீத்தூள் தண்ணீரும் கரித்தூளும் உப்புத்தாளும் இருந்தால் போதும், காலையில் செய்த கதவை மதியத்துக்குள் கிழடாக்கிவிடுவாள்.

இந்த முறை வந்தது விண்கலம். ஒட்டுப்பலகையில் ஒரு சின்ன அறை, சுவரோடு ஒட்டிய கட்டில். கதைப்படி ஒரு பொறியாளன் ஒன்பது வருடமாக அதில் போய்க்கொண்டிருக்கிறான். இரண்டு நாள் மாய்ந்து மாய்ந்து தேய்த்தாள். இயக்குநர் வந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"பழசாத்தான் இருக்கு அக்கா. ஆனா ஆள் இருந்த மாதிரி இல்லயே."

"அந்த ஆள் எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பான் சார்?"

"அதெல்லாம் நான் எழுதலயே."

அவள் கணவன் சரக்குக் கப்பலில் இயந்திர அறையில் வேலை பார்க்கிறவன். போய் ஐந்து மாதம். கரை நெருங்கினால் கூப்பிடுவான். நல்லா இருக்கேன், நீ எப்படி இருக்கே, பாப்பா படிக்கிறாளா என்பதோடு பேச்சு தீர்ந்துவிடும். அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் கேட்டாள், "உங்க ரூம் எப்படி இருக்கும்?"

"ரூம் மாதிரிதான் இருக்கும். ஏன்?"

"வேலைக்கு வேணும். கட்டில்லேருந்து சொல்லுங்க."

முதலில் சிரித்தான். பிறகு மடை திறந்த மாதிரி பேசினான். இருட்டில் தடவித் தடவி சுவிட்சைச் சுற்றிப் பெயின்ட் போய்விட்டதாம். கப்பல் ஆடும்போது முழங்காலை ஊன்றுகிற இடத்தில் சுவர் மினுமினுக்குமாம். தலைமாட்டில் எண்ணெய்க் கறை, அதில் பாதி முன்னால் இருந்தவனுடையது. ஆணியில் ஒரு கைக்கடிகாரம் தொங்குகிறது. கப்பல் நேரம் எத்தனை முறை மாறினாலும் அதை மட்டும் தொடமாட்டான்.

"அது எதுக்கு?"

"நீ எப்ப எந்திரிப்பேன்னு எனக்குத் தெரியணும்ல."

"எந்தப் பக்கம் படுப்பீங்க?" என்றாள்.

"சுவத்தப் பாத்துதான்."

வீட்டில் அவன் ஒருநாளும் அப்படிப் படுத்ததில்லை. கல்யாணமாகிப் பதினாறு வருடம். கூட இருந்த நாட்களைக் கூட்டினால் ஐந்து வருடம் தேறாது. மீதி நாளெல்லாம் அவன் வாழ்ந்த இடத்தை அவள் இப்போதுதான் பார்க்கிறாள்.

மறுநாள் அத்தனையும் செய்தாள். தலைமாட்டுக் கறையை இரண்டு நிறத்தில் வைத்தாள். நடிகர் உள்ளே வந்து கொஞ்சம் உட்கார்ந்திருந்தார், யாரும் சொல்லாமலே சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். இயக்குநர் உடனே கேமராவை ஓடவிட்டார்.

காட்சி முடிந்ததும் அறையைப் பிரிக்கச் சொல்லிவிட்டார்கள். எல்லாரும் சாப்பிடப் போன நேரத்தில் அவள் அந்தக் கட்டிலில் ஏறிச் சுவரைப் பார்த்துப் படுத்தாள். மினுமினுப்பை அவன் உயரத்துக்கு வைத்திருந்தாள். அவளுடைய முழங்கால் அதை எட்டாமல் ஒரு சாண் மேலேயே நின்றுவிட்டது.

"அக்கா, பிரிக்கணும். தலை சுத்துதா?" என்றார் திரும்பி வந்த தச்சர்.

"ஆமாண்ணே, கொஞ்சம்" என்று இறங்கினாள்.

படம் வந்தது. அந்த அறை நிஜம் மாதிரியே இருந்தது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். அவனுக்கோ ஒப்பந்தம் இன்னும் நாலு மாதம் நீண்டுவிட்டது. அடுத்த முறை கூப்பிட்டபோது, "நீங்க சாப்பிடுற எடம் எப்படி இருக்கும்?" என்று கேட்டாள்.

"அடுத்த படமா?"

"ஆமா" என்றாள். அப்படி எந்தப் படமும் அவள் கையில் இல்லை.

"நீளமா ஒரு மேஜை" என்று அவன் தொடங்கினான். அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.