கல்யாண வீடியோவில் என் குரல்

இன்று காலை கடத்தூரில் பஸ் ஏறி பொம்மிடிக்குப் போய்க்கொண்டிருந்தேன். கல்யாணக் கச்சேரிகளில் பாடிப் பிழைப்பவளுக்கு பஸ்தான் பயிற்சி செய்யும் இடம். ஒரு பாட்டைத் தாழ்ந்த குரலில் பாடியபடியே வந்தேன்.

முன் சீட்டில் இருந்த சின்னப் பெண் சட்டென்று திரும்பினாள். "அப்பா, அம்மா பாட்டு!"

அவள் அப்பாவும் திரும்பினார். என்னைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

"நீங்கதானுங்களே எங்க கல்யாணத்துல பாடுனது?"

வழக்கமான சந்தோஷத்தில், "வூட்ல அவங்க நல்லா இருக்காங்களா?" என்று கேட்டுவிட்டேன்.

"இல்லைங்க. பாப்பா பொறந்தப்பவே போயிட்டா."

குரலைத் தாழ்த்திக்கொண்டார். "வீடியோவுல அவ பேசற எடத்துலெல்லாம் உங்க பாட்டப் போட்டுட்டாங்க. அவ குரல் எங்கயுமே இல்லைங்க. அதப் பாத்துப் பாத்து, அம்மாதான் பாடுதுன்னு பாப்பா நெனச்சுக்கிட்டா. நானும் மாத்திச் சொல்லலீங்க."

இறந்துபோன ஒருத்தியின் உதட்டசைவுக்கு இத்தனை வருடமாக நான் பாடிக்கொண்டிருக்கிறேன். எனக்கே தெரியாமல்.

"இன்னொரு தடவ பாடுங்க" என்றாள் குழந்தை.

அவரைப் பார்த்தேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பாடினேன். எந்த மேடையிலும் நடுங்காத குரல் நடுங்கியது. குழந்தை என் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இறங்கும்போது சொன்னாள்: "எங்கம்மா மாதிரியே பாடறீங்க. ஆனா அம்மா இன்னும் நல்லா பாடும்."

ஆமாம் என்று தலையாட்டினேன். வேறென்ன செய்ய?

பாடுகிற நண்பர்களே, என்னைவிட நன்றாகப் பாடும் என் குரலோடு இனி நான் எப்படிப் போட்டி போடுவது?