சும்மா கிடந்த பணம்

அட்டைப்பெட்டி செய்யும் அந்தக் கம்பெனியில் கணக்குப் பார்க்கும் இளைஞனை எல்லோரும் 'டிகிரி' என்றுதான் கூப்பிடுவார்கள். அவன் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவன். அங்கே வெட்டும் மெஷினில் நிற்கும் அவனுடைய தாய்மாமா முதலாளியிடம் சொல்லி வாங்கிக் கொடுத்த வேலை.

சேர்ந்த நாளிலிருந்தே அவன் கண்ணை உறுத்தியது, சம்பளத்துக்கென்று வங்கியில் சும்மா கிடந்த பணம். பெட்டிக்கான காகித ரீல் விலை இறங்கிய வாரம் முதலாளியை நச்சரித்து, அந்தப் பணத்தை முழுக்க ரீலாக மாற்றினான்.

"வரவேண்டிய பாக்கி சனிக்கிழமைக்குள்ள வந்துரும் சார். நமக்கு லாபம்தான்."

கணக்கில் தப்பில்லை. பாக்கிதான் வரவில்லை. பெட்டி வாங்கியவர் அடுத்த மாதம் பார்க்கலாம் என்று கையை விரித்துவிட்டார்.

சம்பள நாளான சனிக்கிழமை மதியம் கிடங்கில் கூரையை முட்ட ரீல், வங்கியில் சில்லறை. பசை தடவும் அக்கா குரல் கொடுத்தாள்.

"என்னப்பா டிகிரி, ஆளுக்கொரு ரீலை உருட்டிட்டுப் போகவா? வீட்டுக்காரர் வாடகைக்கு வாங்கிக்குவாரா?"

எல்லோரும் சிரித்தார்கள். மாமா மட்டும் ஓடாத மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

டிகிரி போட்டிக் கம்பெனிக்குப் போன் போட்டான். "ரீல் இருக்கு சார். வாங்குன விலைக்கே தர்றேன்."

"என்ன தம்பி இவ்ளோ அவசரம்? ஓ, இன்னைக்குச் சம்பள நாளாச்சே." அந்தப் பக்கம் சிரிப்பு. "பாதி விலைன்னா இப்பவே லாரி அனுப்புறேன். ரொக்கம்."

ரீல் அதே ரீல்தான். காத்திருக்க முடியாதவன் கையில் அதன் விலை பாதியாகிப் போனது. முதலாளியைப் பார்த்தான். திட்டினால்கூடத் தேவலை என்றிருந்தது. அவர் சரியென்று தலையை மட்டும் அசைத்தார்.

லாரி வந்தது. சம்பளத்துக்குக் காத்திருந்தவர்களே ரீல்களை உருட்டி ஏற்றினார்கள். டிகிரியும் சேர்ந்து தள்ளினான். "நீ விடுப்பா" என்று யாரும் சொல்லவில்லை.

விளக்குப் போடும் நேரத்தில் சம்பளக் கவர்கள் கைமாறின. மாமா வரிசைக்கே வரவில்லை. டிகிரியே அவருடைய கவரை எடுத்துக்கொண்டு மெஷினருகே போனான்.

"மாமா, சம்பளம்."

"எல்லாருக்கும் குடுத்தாச்சா?"

"ஆச்சு மாமா."

"கை அழுக்கா இருக்கு. அப்படி வை."

வைத்தான். மாமா அவன் முகத்தைப் பார்க்காமலே கையைத் துடைத்தார். பிரிக்காத கவரை எடுத்துக்கொண்டு முதலாளி அறைக்கு நடந்தார். டிகிரிக்கு விளங்கிவிட்டது: தன்னால் வந்த நட்டத்துக்கு மாமா தன் சம்பளத்தைத் திருப்பிக் கொடுக்கப் போகிறார். பின்னாலேயே போய் அறை வாசலில் நின்றான். உள்ளே முதலாளி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்திருக்கும் சத்தம் கேட்டது.