தோசைக்கல்லை எறிந்த கை

நாங்கள் போத்தனூரில் இருக்கிறோம். இரண்டு வருடங்களுக்கு முன், என் கணவர் ஓட்டிய ஸ்கூட்டரிலிருந்து விழுந்து என் வலது தோள் எலும்பு முறிந்தது. எலும்பு கூடியும் வலி போகவில்லை. தலை வாரக்கூடக் கையைத் தூக்க முடியாது.

ஒருநாள் காலை, "வலிக்கு மனசும் ஒரு காரணம்னு டாக்டர் சொல்றாரு அம்மணி" என்றார் அவர். நான் நடிக்கிறேன் என்கிறாரே என்று கொதித்துப்போய், அடுப்பிலிருந்த தோசைக்கல்லின் கைப்பிடியைப் பற்றி, தூக்க முடியாத அந்த வலது கையாலேயே எடுத்து வீசினேன். அது அவர் காதைக் கிழித்துக்கொண்டு போய்ச் சுவரைப் பெயர்த்தது. சட்டையெல்லாம் ரத்தம்.

"மெதுவாப் போங்க, மெதுவாப் போங்கன்னு அன்னைக்குக் கத்துனனே, கேட்டீங்களா?" என்று அலறினேன். விபத்துக்குப் பிறகு அதுவரை அதை ஒருமுறைகூட நான் சொல்லிக்காட்டியதில்லை.

"தப்புப் பண்ணிப்போட்டேன் அம்மணி" என்று காதைப் பொத்தியபடி அழுதார். இரண்டு அங்குலம் தள்ளிப் பட்டிருந்தால் அவர் இன்று இல்லை.

காதுக்குத் தையல் போட்ட பிறகு என் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "உங்க வலி நெசந்தானுங்க. அடக்கி வெச்ச பயமும் கோபமும் அதை இன்னும் கூட்டுதுங்க" என்றார்.

வலி இப்போது குறைந்திருக்கிறது, போய்விடவில்லை. தோள் இறுகத் தொடங்கினால் பல்லைக் கடித்துக்கொண்டு வேலை செய்வதில்லை. கையிலிருப்பதைக் கீழே வைத்துவிட்டு, மனதிலிருப்பதை அவரிடம் வாய்விட்டுச் சொல்லிவிடுகிறேன்.