முச்சந்தியில் தொங்கிய மேதை

போன வாரம் முழுக்க என் மகள் தர்ஷினி பள்ளிக்கு வேறு பாதையில்தான் போனாள்.

சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமான் குடியிருப்பிலிருந்து நேர் ரோட்டில் போனால் தமிழ்ப்பள்ளி கூப்பிடு தூரம். ஆனால் அவளோ, "பின்பக்கமா போலாம்மா" என்று மோட்டார் சைக்கிளில் ஏறும்போதே அழுதாள். பின்பக்கம் முழுக்க லாரி, புழுதி. ஏன் இந்த அடம்? நேர் ரோட்டு முச்சந்தியில் அவளே தொங்கினாள் — பேனரில்!

நடந்தது இதுதான். மூன்றாம் ஆண்டு படிக்கும் அவள், மீத்திறன் மாணவர் திட்டத்தின் முதல் கட்டத் தேர்வில் தேறினாள். இன்னொரு கட்டம் பாக்கி. பூரிப்பில் தாமான் வாட்ஸ்அப் குழுவில் ஒரே ஒரு வரி போட்டேன்.

மறுநாளே விளக்குக் கம்பத்தில் பேனர்! 'எங்கள் குட்டி மேதைக்கு வாழ்த்துகள்.' கீழே கோயில் கமிட்டியார் அத்தனை பேர் படமும். தலைவர் முகம் மேதையின் முகத்தைவிடப் பெரிது. பேனர் கட்டாமல் நமக்குச் சந்தோஷப்படவே வராதா?

எனக்கும் பெருமைதான், மறைக்கவில்லை. அந்த இடம் வந்தால் மோட்டார் தானாக மெதுவாகும்.

பிறகு ஆரம்பித்தது தொல்லை. ரொட்டி சானாய் கடையில் யாரோ ஒரு மாமா, "மேதை, பதினேழு பதிமூணு எவ்வளவு, சொல்லு?" என்பார். வகுப்பில் தப்பாகச் சொன்னால், "உனக்கே தெரியாதா?" என்று சிரிப்பு. பிள்ளை கை தூக்குவதையே விட்டுவிட்டாள்.

இரண்டாம் கட்டம் வந்தது. கிடைக்கவில்லை.

கமிட்டிச் செயலாளர் தேவா அண்ணன் வீட்டுக்குப் போனேன். "அண்ணே, பேனர கழட்டிடுங்கண்ணே. பிள்ளைக்குக் கிடைக்கல."

"அதனால என்னம்மா? இருக்கட்டும்லா. அடுத்த வருஷம் கிடைச்சிடும், திரும்ப அடிக்க வேணாம் பாரு!"

"அவ அந்த ரோட்டுப் பக்கமே வர மாட்டேங்கறா அண்ணே. வெட்கப்படுறா."

"நல்லதுன்னுதான்மா கட்டுனோம்..." என்றார். பிறகு உள்ளே போய் ஏணியை எடுத்து வந்தார்.

நல்லதுதான். எல்லாரும் நல்லதுதான் நினைக்கிறோம்! படிக்காத பிள்ளைக்கு 'மக்கு' என்று ஒரு பெயர், படிக்கிற பிள்ளைக்கு 'மேதை' என்று ஒரு பெயர். இரண்டையும் சுமப்பது ஒன்பது வயசு முதுகு. எனக்கு யார் மேலும் கோபமில்லை. அலுப்புதான் மிச்சம்.

மறுநாள் நேர் ரோட்டிலேயே போனோம். வெறும் கம்பத்தைத் திரும்பிப் பார்த்துவிட்டு, பின்னாலிருந்து என் காதருகே கேட்டாள்:

"அம்மா, இனிமே டீச்சர்கிட்ட 'தெரியல'ன்னு சொல்லலாமா?"

"தாராளமா சொல்லும்மா" என்றேன். தாமானில் அதைச் சொல்ல ஓர் ஆளாவது இருக்கட்டும்.