ஊதாக் கோடுகள்

என் பட்டச் சான்றிதழ், ஆஸ்திரேலியாவிலிருந்து தபாலில் வந்த அட்டைக் குழாய்க்குள்ளேயே இன்னும் கிடக்கிறது. சட்டம் போட்டு மாட்டச் சொல்லி என் கணவர் கொஞ்ச காலம் தொணதொணத்தார். பிறகு விட்டுவிட்டார். கதிர்வீச்சுச் சிகிச்சையில் இளங்கலைப் பட்டம். எங்கள் பிரிவில் அதை முதலில் வாங்கியவர்களில் நானும் ஒருத்தி. கேட்க நன்றாகத்தான் இருக்கும்.

எழுபதுகளின் நடுவில் நான் வேலையில் சேர்ந்தபோது சிங்கப்பூரில் இதற்குப் பட்டப்படிப்பே கிடையாது. மூன்று வருடம் ஆஸ்பத்திரியிலேயே படிப்பு, ஆஸ்பத்திரியிலேயே வேலை. கேள்வித்தாள் லண்டனிலிருந்து வரும், எழுதிய தாள் லண்டனுக்குப் போகும். கடைசியில் கையில் ஒரு டிப்ளோமா. புற்றுநோய் வந்தவர்களை மெஷினுக்கு அடியில் படுக்க வைத்து, டாக்டர் குறித்துக் கொடுத்த இடத்தில், குறித்துக் கொடுத்த அளவுக்குக் கதிர் பாய்ச்ச வேண்டும். அதுதான் என் வேலை. சொந்தக்காரர்களுக்கு இதை விளக்கி விளக்கி எனக்கு அலுத்துவிட்டது. "எக்ஸ்ரே படம் எடுக்கிறவதானே நீ?" என்பார் என் பெரியம்மா. நோயாளிகளுக்கோ வெள்ளை உடுப்புப் போட்ட பெண்கள் எல்லாருமே 'மிஸ்ஸி'தான், அதாவது நர்ஸ்.

அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். ஒருநாள், என்னைவிட வயதில் சின்ன டாக்டர் ஒருவர் குறித்துக் கொடுத்த அளவில் சந்தேகம் வந்து கேட்டேன். பட்டனை அழுத்துவது மட்டும்தான் உன் வேலை என்று எல்லார் முன்னாலும் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இருக்கிறதே, அது ஒரு பட்டம் வாங்காமல் அடங்காது என்று நினைத்தேன். ஆஸ்திரேலியாவில் ஒரு கல்லூரி, டிப்ளோமா வைத்திருப்பவர்கள் தபால் வழியே படித்துப் பட்டம் வாங்கலாம் என்று அறிவித்தபோது எங்கள் பிரிவில் முதல் ஆளாக விண்ணப்பித்தவள் நான்தான்.

தேக்கா மார்க்கெட்டுக்கு மேலே இருக்கும் அடுக்குமாடியில் எங்கள் வீடு. சாப்பாட்டு மேசைதான் என் கல்லூரி. பாடப் பொட்டலங்கள் வரும், கேசட்டுகள் வரும். ஐந்து வருடத்துக்குள் முடிக்க வேண்டும், முடிக்காவிட்டால் எழுதித் தேறிய பாடங்களும் செல்லாது. இரண்டாவது குழந்தை பிறந்ததில் ஒரு வருடம் போனது. இயற்பியலில் கோட்டை விட்டதில் இன்னொரு வருடம். நான்காம் வருடம் முடிந்தபோது மிச்சமிருந்தது ஒரே ஒரு பகுதி. ஒரு நோயாளியை முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை நானே பார்க்க வேண்டும். கதிர் விழும் இடத்தைக் காட்ட உடம்பில் போட்ட கோடுகளைத் தினமும் அளந்து குறிப்பேட்டில் எழுத வேண்டும். சிகிச்சை முழுவதும் திட்டப்படி நடந்தது என்று பிரிவுத் தலைவி கையெழுத்துப் போட வேண்டும். நடுவில் ஏதாவது பிசகினால் அந்த நோயாளி கணக்கில் சேராது, வேறொருவரை வைத்து முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

நான் முதலில் எடுத்துக்கொண்டவர் எல்லைக்கு அந்தப் பக்கம், மலேசியாவில் இருக்கும் ஜொகூர்க்காரர். பத்தாம் நாளோடு அவர் வரவே இல்லை. கெடு முடிய மூன்று மாதம்கூட இல்லாத நேரத்தில்தான் அந்த அக்கா வந்தார்.

அவருக்கு முப்பத்தெட்டு வயது. சிராங்கூன் ரோட்டுக்குப் பக்கத்துச் சந்தில், ஒரு கடைக்கு மேல்மாடியில் ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தார். வீடு புக்கிட் பாத்தோக்கில், அப்போதுதான் கட்டி முடித்த புளோக்கில். கணவர், இரண்டு பிள்ளைகள், மாமியார். இடது மார்பை அறுத்து எடுத்திருந்தார்கள். நோய் மிச்சம் மீதி இருந்தால் சாகடிக்கத்தான் ஐந்து வாரம், வாரத்துக்கு ஐந்து நாள் கதிர். 'கரண்டு வைக்கிறது' என்று அவர் சொல்வார். நான் திருத்துவதில்லை.

கதிர் எங்கே விழ வேண்டும் என்று மார்பின் மேல் ஊதா மையால் கோடு போடுவோம். வடுவைச் சுற்றி ஒரு பெட்டி மாதிரி இருக்கும். சிகிச்சை முடியும்வரை அந்தக் கோடு அழியக் கூடாது. அங்கே தண்ணீர் படக் கூடாது, சோப்புப் போடக் கூடாது, எண்ணெய் அறவே கூடாது. முதல் நாளே அவரிடம் சொன்னேன். படிப்பைப் பற்றியும் சொன்னேன். அதைச் சொல்லியிருக்க வேண்டியதில்லை.

"உங்களை வச்சுத்தான்கா எனக்குப் பட்டமே. ஒருநாள்கூட லீவு போடாதீங்க, கோட்டை அழிச்சிடாதீங்க."

"அட, என்னால ஒருத்தங்க டிகிரி வாங்கப் போறாங்களா! நீங்க கவலையே படாதீங்க மிஸ்ஸி" என்று சிரித்தார்.

சொன்னபடியே நடந்துகொண்டார். பஸ் மாறி மாறி நேரத்துக்கு வந்து நிற்பார். அங்கே துணி உரசாதபடி ரவிக்கையின் உள்பக்கத்தைத் தானே வெட்டித் தைத்திருந்தார். மூன்றாவது வாரத்தில் தீபாவளி வந்தது. நாங்கள் கத்தோலிக்கர்கள். தீபாவளி என்றால் எங்களுக்கு அடுத்த வீட்டு முறுக்கும் ஒருநாள் விடுமுறையும்தான். அன்று எண்ணெய் தேய்த்துக் குளிக்காமல் ஒரு சுமங்கலியை அவள் வீட்டில் விடமாட்டார்கள் என்பது எனக்கு நன்றாகவே தெரியும். பிறந்ததிலிருந்து இந்துக்களோடுதான் வளர்ந்தேன். ஆனாலும் அந்த நினைப்பே எனக்கு வரவில்லை.

விடுமுறைக்கு மறுநாள் இரண்டு நாள் கூட்டம் ஒரே நாளில் நிற்கும். அன்றும் அப்படித்தான் இருந்தது. அக்கா வந்து படுத்து, இடது கையைத் தலைக்கு மேல் தூக்கி வைத்துக்கொண்டார். கோடுகள் நேற்றுப் போட்டதுபோல் பளிச்சென்று இருந்தன. "சபாஷ், நல்லாப் பாதுகாத்திருக்கீங்கக்கா" என்று நானே பாராட்டினேன். விடுமுறை முடிந்து வருகிறவர்களுக்குக் கழுத்துக் குழியிலிருந்து கோடுவரை ஸ்கேல் வைத்து அளந்து பார்த்த பிறகுதான் மெஷினைப் போட வேண்டும். அது விதி. நான் அளக்கவில்லை. குறிப்பேட்டில் தீபாவளிக்கு முன்னால் இருந்த அளவையே எழுதிவிட்டேன். அடுத்த நாளும் அதையே எழுதினேன். இப்படியே ஐந்து நாள் ஓடியது.

ஆறாம் நாள்தான், மெஷினின் விளக்கொளியைக் கோட்டோடு பொருத்தும்போது, வடுவின் வெளி முனை பெட்டிக்கு வெளியே இருப்பதைக் கண்டேன். ஒரு விரல் அகலத்துக்கும் கூடுதல். அது உள்ளேதான் இருக்க வேண்டும்.

"அக்கா, இந்தக் கோட்டை யார் போட்டது?"

"நாந்தான் மிஸ்ஸி" என்றார். என்ன பெருமை அந்த முகத்தில்! "தீபாவளிக்கு எண்ணெய் தேய்ச்சுக் குளிக்கலன்னா நல்லா இருக்காதுன்னு மாமி ஒரே பிடியா நின்னுட்டாங்க. நான் என்ன செய்றது? உங்க படிப்பும் கெடக் கூடாதுல்ல. அதான் குளிக்கிறதுக்கு முன்னாடியே கையைத் தூக்கிட்டு நின்னேன், மாமி கோட்டு மேல டிரேசிங் பேப்பர் வச்சு அப்படியே எடுத்துட்டாங்க. குளிச்சிட்டு வந்து கண்ணாடி முன்னாடி நின்னு நானே போட்டுக்கிட்டேன். உங்க மை மாதிரியே ஊதா மருந்து எல்லா மருந்துக்கடையிலயும் விக்குது லா. இருபது வருசமா ரவிக்கைக்கு மார்க் பண்றேன், ஒரு நூல் தப்பாது."

தப்பவில்லைதான். காகிதத்தில் இருந்தது அப்படியே தோலுக்கு வந்திருந்தது. ஆனால் எடுக்கும்போது கையைத் தூக்கியிருந்தார். திரும்பப் போடும்போது மாமியார் அடுப்படியில் பலகாரத்தோடு மல்லாடிக்கொண்டிருந்தார். ஒரு கையால் காகிதத்தைப் பிடித்து, மற்றக் கையால் கோடு போட வேண்டியிருந்ததால் கை கீழே இறங்கிவிட்டது. துணி கிடந்த இடத்திலேயே கிடக்கும். தோல் கையோடு கூடவே போகும். ரவிக்கைக்காரருக்கு அது எப்படித் தெரியும்? எனக்குத் தெரியும். ஒரு ஸ்கேலை எடுத்து வைத்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும்.

அவரைப் படுக்கையிலேயே இருக்கச் சொல்லிவிட்டுத் தலைவியின் அறைக்குப் போனேன். இப்போதே சொன்னால் டாக்டரும் இயற்பியலாளரும் கூடி மறுபடி கணக்குப் போடுவார்கள், விட்டுப்போன இடத்துக்குக் கூடுதலாகக் கொடுப்பார்கள். அதற்குத்தான் அவர்கள் இருக்கிறார்கள். தலைவி ஒரு சீனப் பெண்மணி, கண்டிப்பானவர், ஆனால் நியாயம் தெரிந்தவர். போனில் பேசிக்கொண்டிருந்தவர், நில் என்று கையைக் காட்டினார். நின்றேன். இரண்டு நிமிடம் இருக்கும். அந்த இரண்டு நிமிடத்தில் அக்காவைப் பற்றி நான் நினைக்கவே இல்லை. நான்கு வருடப் பொட்டலங்கள், இயற்பியல், கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு எழுதிய கட்டுரைகள், அந்தச் சின்ன டாக்டர், ஐந்து நாள் நான் அளக்காமல் எழுதிய அளவுகள், இவைதான் மனதில் ஓடின.

போனை வைத்துவிட்டு என்ன விஷயம் என்று கேட்டார்.

விடுமுறை விண்ணப்பத் தாள் இருக்கிறதா என்று கேட்டேன். கொடுத்தார், வாங்கிக்கொண்டு வந்தேன்.

திரும்பி வந்து, திட்டத் தாளைப் பார்த்து அளந்து, பழைய கோடுகளைத் துடைத்துவிட்டுச் சரியான இடத்தில் போட்டேன். அக்கா மேலே கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தார்.

"ஏன் மிஸ்ஸி, தப்பாயிடுச்சா?"

"இல்லக்கா. லேசா மங்கிப்போச்சு, அதான். ஆனா நீங்களே போட்டுக்கிட்டதை யார்கிட்டயும் சொல்லிடாதீங்க, என்னை ஏசுவாங்க."

"சேச்சே, சொல்வேனா?"

அவர் சொல்லவில்லை. ஐந்து வாரமும் முடிந்தது, தலைவி கையெழுத்துப் போட்டார். என் குறிப்பேடு மிகவும் கவனமாக எழுதப்பட்டிருப்பதாகக் கல்லூரியிலிருந்து தனியாக ஒரு வரி எழுதியிருந்தார்கள். சனிக்கிழமைகளில் கோயிலுக்குப் போய்ச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்வேன். பிள்ளைகளிடம் எரிந்து விழுந்தது, பெரியம்மாவைப் பழித்தது, எல்லாவற்றையும் சொல்வேன். இதை மட்டும் சொன்னதில்லை. அட்டைக் குழாய் வந்தபோது தலைவி கை குலுக்கினார். எங்கள் சர்வீஸில் அந்தப் பட்டத்துக்கு இன்னும் அங்கீகாரம் இல்லை என்றும் அப்போதே சொல்லிவிட்டார். பதவி அதேதான், வேலை அதேதான். அந்தச் சின்ன டாக்டர் அதற்குள் வேறு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டிருந்தார், நான் பட்டம் வாங்கியது அவருக்குத் தெரியக்கூடத் தெரியாது.

ஒன்றரை வருடம் கழித்து அக்கா திரும்பி வந்தார். வடுவின் வெளி முனையில் பட்டாணி அளவுக்கு ஒரு கட்டி. நுரையீரலிலும் பரவியிருந்தது. மார்புச் சுவரில் முதலில் திரும்ப வந்து அங்கிருந்து பரவியிருக்குமா என்று டாக்டரிடம் பொதுவாகக் கேட்பதுபோல் கேட்டேன். இருக்கலாம், அறுவைக்கு முன்பே நுரையீரலுக்குப் போயும் இருக்கலாம், யாராலும் சொல்ல முடியாது என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அந்தப் பதிலை வைத்துக்கொண்டு எத்தனையோ நாள் தூங்கப் பார்த்திருக்கிறேன்.

அக்காவுக்கு என்னைக் கண்டதில் அப்படி ஒரு சந்தோஷம். "பாஸ் பண்ணிட்டீங்களா மிஸ்ஸி? எனக்குத் தெரியும்!" என்று மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார். அடுத்த முறை வந்தபோது பட்டு ரவிக்கை ஒன்று தைத்துக்கொண்டு வந்து கொடுத்தார். என்னை அளவே எடுக்கவில்லை, கண்ணால் பார்த்து வெட்டியது. வீட்டில் போட்டுப் பார்த்தேன். கச்சிதமாக இருந்தது. கழற்றி மடித்து வைத்துவிட்டு அழுதேன். அழுது என்ன ஆகப்போகிறது?

நான்கு மாதத்தில் போய்விட்டார். இறுதிச் சடங்குக்குப் போகும் தைரியம் எனக்கு இல்லை. ஒரு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து, புக்கிட் பாத்தோக்குக்குப் பஸ் ஏறினேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன், அதில் சந்தேகமில்லை. அக்காவின் கணவர் ஷிப்ட் வேலைக்குப் போயிருந்தார். பிள்ளைகள் டிவி பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாமியார் மட்டும் அடுக்களை மேசையில் என் எதிரே வந்து உட்கார்ந்தார். மைலோ கலக்கி வைத்தார். பிள்ளைகளுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினார்.

"மிஸ்ஸி, ஒண்ணு கேக்கட்டுமா? தண்ணி படக் கூடாதுன்னு நீங்க சொன்னீங்களாம். நாந்தான் கேக்காம எண்ணெய் வச்சு விட்டேன். என் கையாலதான் வச்சேன். அதனாலதான் திரும்ப வந்துச்சா? பையன் என்கிட்ட மூஞ்சி குடுத்தே பேச மாட்டேங்கிறான். ராத்திரியில கண்ணை மூடுனா அவதான் வந்து நிக்கிறா."

"இல்லம்மா. குளிச்சதால எல்லாம் வராது" என்றேன்.

"ஆறுதலுக்குச் சொல்றீங்களா?"

"இல்லம்மா, நிஜமாத்தான்."

அவர் என் முகத்தையே பார்த்தார். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அவ சொல்லிக்கிட்டே இருப்பா, நீங்க இதுக்குன்னே டிகிரி வாங்குனவங்கன்னு. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். அப்ப தப்பு என்மேல இல்ல."

"உங்கமேல இல்லம்மா."

அப்படியானால் யார்மேல் என்று அவர் கேட்கவில்லை. மைலோ ஆறுகிறது, குடிக்கச் சொன்னார். கேட்டிருந்தாலும் நான் சொல்லியிருக்க மாட்டேன்.